வேலுத்தாய் அக்காவின் முட்டைக்கு வந்த பழி

வேலுத்தாய் அக்கா போய்விட்டார். நேற்று சாயங்காலம், இடைசெவலில், அவர் வீட்டிலேயே.

எனக்கு யாரும் போன் பண்ணவில்லை. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு எதிரே கட்டியிருந்த ஃபிளெக்ஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"அசோலா முட்டையின் தாய்க்குக் கண்ணீர் அஞ்சலி"யாம். மூலையில் அக்காவின் பழைய போட்டோ, ஸ்டாம்ப் சைஸில். நடுவில் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நிற்பவர் ஒரு தீவனக்கடை அண்ணாச்சி. பேர் போட மாட்டேன். ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

அதான் இந்தப் பதிவு.

இரண்டாயிரமாவது வருஷத்துக்கு அப்புறம் கொஞ்ச காலம் அது. அக்கா தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுச் சின்னதாக ஒரு முட்டைக்கோழிக் கொட்டகை போட்டிருந்தார். முட்டையை டிவிஎஸ் ஃபிஃப்டியில் கட்டிக் கோவில்பட்டிக் கடைகளுக்குப் போட்டது நான்.

முட்டைக்கோழிக்குப் புரதம் வேண்டும். அதற்கு எங்கள் பக்கம் கருவாட்டுத் தூள்தான். இந்த அண்ணாச்சி கடைத் தூளில் உப்பும் மணலும்தான் அதிகம். கோழி தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கழியும். கீழே விரித்த கடலைத் தொலி சேறாகிவிடும்.

போய்க் கேட்டால், "ஒன் கோழிக்குத்தான் ஏதோ கோளாறு"!

அக்கா சண்டை போடவில்லை. தூளை நிறுத்திவிட்டு அசோலா வளர்த்தார். தண்ணீரில் மிதக்கிற பச்சைச் செடி. சாணியைக் கரைத்து ஊற்றினால் மளமளவென்று பெருகும். அரித்து, அலசி, தீவனத்தோடு பிசைந்து வைத்தால் கோழிகள் அடித்துக்கொண்டு தின்னும்.

முதலில் குழி தோண்டி பாலிதீன் ஷீட் விரித்தார். கோடையில் கரிசல் மண் வெடித்து ஷீட்டும் கிழிந்துபோனது. ஊரே சிரித்தது. "குடிக்கத் தண்ணிக்கு வழியக் காணும், இவ பாசி வளக்காளாம்!"

அக்கா பழைய கிணற்று உறைகளைத் தரைக்கு மேலே வைத்து, அடியில் சிமெண்ட் பூசினார். மேலே கிழிந்த சேலைகளால் பந்தல்.

"வெயிலுக்கு இதும் நம்மள மாதிரிதான் தம்பி, கருகிப் போவுது. செத்த நெழலு குடுத்தாப் போதும், பாத்துக்கோ."

முட்டையை உடைத்தால் கரு அப்படி ஒரு ஆரஞ்சு நிறம்... பச்சை தின்கிற கோழியின் முட்டை அப்படித்தான் இருக்கும். அக்கம்பக்கத்துக் கொட்டகைக்காரர்களும் அசோலாவை வாங்கிப்போக ஆரம்பித்தார்கள். அண்ணாச்சிக்குத் தூள் வியாபாரம் படுத்தது.

ஒருநாள் தன் கடை வாசலில் வைத்து, அக்காவின் முட்டையை ஒரு தட்டில் உடைத்துக் காட்டினார் அந்த மனுஷன்.

"நெறத்தப் பாத்தியளா? தீப்பெட்டி ஆபீஸ்ல கெடந்தவல்லா... குச்சி மருந்துல போடுத சாயத்தக் கொண்டாந்து தீவனத்துல கலக்குதா!"

வேறு ஊராக இருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். இங்கே வீட்டுக்கு ஒருவர் தீப்பெட்டி வேலை. குச்சிக்குச் சாயம் போடுவது எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே நம்பிவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பயந்து கடைக்காரர்கள் டிரேயைத் திருப்பிவிட்டார்கள்.

அக்கா என் வண்டியில் ஏறி வந்தார். கருவின் நிறத்துக்கு இதுதான் காரணம் என்று காட்ட, கையில் ஒரு வாளி அசோலா. அண்ணாச்சி கடை முன்னால் ஒரு முட்டையை உடைத்துப் பச்சையாகவே குடித்தார்.

"சாயம்னா நான் குடிப்பனா அண்ணாச்சி?"

"மருந்துல ஊறுன ஒடம்பு ஒனக்கு. ஒனக்கு என்ன செய்யும்?"

அங்கே நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் கத்தினேன். யார் கேட்டார்கள்?

கோழிகள் கறிக்கடைக்குப் போயின. அக்கா மறுபடியும் தீப்பெட்டி ஆபீசுக்கே, மருந்தில் முக்கக் குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக வைக்கிற கட்டை அடுக்கும் வேலைக்குப் போனார்.

அங்கே வேலை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது, அக்காவின் தூக்குவாளியை மட்டும் திறந்து பார்ப்பார்களாம். சாயம் எடுத்துக்கொண்டு போகிறாரா என்று!

"தெனமும் தொறந்து காட்டிட்டுத்தான் வாரேன் தம்பி" என்று சாதாரணமாகச் சொன்னார்.

இப்போது அதே அண்ணாச்சி கடையில் "இயற்கை அசோலா முட்டை" ஸ்டிக்கர். கருவின் அந்த ஆரஞ்சு நிறம்தான் விளம்பரமே. வெட்கம் வேண்டாமா?

இன்று காலை மாலையோடு துக்க வீட்டுக்கு வந்தார். நான் விடவில்லை. பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, அக்கா முட்டையில சாயம் இருந்துச்சா?"

"எழவு வீட்ல எதுக்குப்பா பழசு... யாவாரத்துல ஆயிரம் சொல்லுவோம்."

"இருந்துச்சா, இல்லையா?"

மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பினார். "இல்லப்பா" என்றார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அன்றைக்குக் கடை வாசலில் ஊருக்கே கேட்கச் சொன்ன வாய் அது.

அக்கா... அவர் என் காதோடு சொன்னதை இங்கே எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதிவிட்டேன்.

போயிட்டு வாங்க.