தொங்கு நாற்காலியில் சொன்ன ஓம்

பனிமலைக்குப் போய்விட்டு இப்போதுதான் ஆக்லாந்து வந்து சேர்ந்தோம். ஈரச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

வசந்த வெயிலில் பனி கூழாகிக் கிடந்தது. வெள்ளைக்காரர்கள் டீ-சர்ட்டோடு சறுக்க, நானும் மனைவியும் கம்பளிக்குள் வெந்தோம்.

மேலே ஏற்றிப்போகும் தொங்கு நாற்காலி நடுவழியில் நின்றுவிட்டது. என் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, பயத்தில் நடுங்கிக்கொண்டு. பின் நாற்காலியில் மனைவி.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"இஞ்சேரப்பா! இண்டையோட இந்தச் சறுக்கல் விளையாட்டு போதும், என்ன?"

"ஓம்."

பெண்மணி கண்ணை மூடி, "ஓம்ம்ம்" என்றார்.

"வீட்டுக்குப் புதுக் கார்ப்பெட் போடுவம், என்ன?"

"ஓம்."

"ஓம்ம்ம்." முன் நாற்காலியில் இருந்த இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். "நிறுத்திவிடாதீர்கள், இப்போதுதான் பயம் குறைகிறது" என்று பெண்மணி ஆங்கிலத்தில் கெஞ்சினார்.

மனைவி விடுவாளா?

"அண்ணா குடும்பம் டிசம்பர் முழுக்க எங்கட வீட்டில நிக்கட்டும், என்ன?"

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பெண்மணி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"ஓம்."

நாற்காலி உடனே நகர்ந்தது. இறங்கியதும் பெண்மணி என்னைக் கும்பிட்டார். மனைவி வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மைத்துனர் வீட்டில் ஆறு பேர். எங்கள் ஹில்ஸ்பரோ வீட்டில் அறை இரண்டு.

தமிழ்நாட்டு நண்பர்களே, எங்கள் 'ஓம்' போல உங்கள் 'ஆமா'வை யாரும் மந்திரம் என்று நினைப்பதில்லையே. எனக்கும் கொஞ்சம் பழக்கிவிடுவீர்களா?