ஜெயவேலு வாய் திறக்காத ஞாயிற்றுக்கிழமை

வாரத்தில் ஆறு நாள் ஜெயவேலு கத்துவது வயிற்றுப்பாட்டுக்காக. ஏழாவது நாள் கத்துவது கல்மண்டபம் யங்மென்ஸ் கால்பந்து டீமுக்காக.

ஹார்பரில் அவனுக்கு சிக்னல் வேலை. கப்பலின் மேல்தட்டில், கிடங்கு வாயின் ஓரமாக நின்றுகொண்டு, கீழே மூட்டை ஒழுங்காகக் கட்டியிருக்கிறதா, ஆள் விலகி நிற்கிறானா என்று பார்த்து, ‘தூக்கு’, ‘இறக்கு’, ‘நிறுத்து’ என்று சரக்குத் தூக்கும் விஞ்சை ஓட்டுகிறவருக்குச் சொல்ல வேண்டும். விஞ்சின் இரைச்சலையும் கடல் காற்றையும் மீறிக் குரல் போய்ச் சேர வேண்டும். ஜெயவேலுவின் குரல் போய்ச் சேர்ந்தது. ஒருமுறை அவன் ‘நிறுத்து’ என்றபோது பக்கத்துக் கப்பலிலும் விஞ்சை நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் குரலோடுதான் அவன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வியாசர்பாடியிலிருந்து கால்நடையாக மைதானத்துக்குப் போவான். எட்டு வருஷமாக ஒரு ஆட்டத்தைக்கூட விட்டதில்லை. கல்யாணமான மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. அன்றைக்கும் மாமியார் வீட்டு விருந்தில் பாதியில் எழுந்து கை கழுவிக்கொண்டு போய்விட்டான். அவன் மனைவி மலர்க்கொடி இதை இன்னும் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை.

யங்மென்ஸ் என்று பெயர் வைத்தபோது அதில் எல்லோரும் இளவட்டங்கள்தான். யுத்தம் முடிந்த மறுவருஷம் லீக்கில் பெரிய பெரிய டீம்களையெல்லாம் உருட்டிவிட்டு இரண்டாவது இடத்துக்கு வந்தார்கள். பிறகு வருஷங்கள் போயின. ஆட்கள் மட்டும் போகவில்லை. ஐம்பத்து நாலாம் வருஷத்திலும் கோல் காக்கிற கோலி பஷீர் பாய்தான். ராயபுரத்தில் தையல் கடை. உட்கார்ந்து உட்கார்ந்து தைத்ததில் தொப்பை விழுந்துவிட்டது. பந்தைப் பிடிக்கப் பாய்ந்தாரானால், எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும்.

இடது ஓரத்தில் ஆடுகிறவர் தவசிமுத்து. உடன்குடிப் பக்கத்திலிருந்து பையனாக வந்து, ராயபுரத்தில் கருப்பட்டிக் கடை வைத்து நிலைத்தவர். வாடிக்கைக்காரர்களுக்கு அவர் அண்ணாச்சி, ஜெயவேலுவுக்கு அண்ணாத்த. அவரும் பஷீர் பாயும் இல்லையென்றால் ஜெயவேலு பந்தாட்டமே பார்த்திருக்க மாட்டான். வெறுங்காலோடு அவர் ஓரக்கோட்டை ஒட்டி ஓடினால், கோட்டுச் சுண்ணாம்பு தூள் பறந்து அவனுடைய முழங்கால் வரைக்கும் படியும். அந்தச் சுண்ணாம்போடுதான் வீடு திரும்புவான்.

இப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது. சுண்ணாம்பு கோட்டிலேயே கிடந்தது.

அந்த வருஷம் முதல் ஐந்து ஆட்டத்திலும் தோற்றார்கள். ஜெயவேலு ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காரணம் வைத்திருந்தான். முதல் ஆட்டத்தில் மழை, இரண்டாவதில் ரெபரி, மூன்றாவதில் எதிர்வெயில், நாலாவதில் மறுபடியும் ரெபரி. ஐந்தாவது ஆட்டத்துக்குக் காரணம் தேடிக்கொண்டிருக்கும்போதே ஆறாவது வந்துவிட்டது.

அதில்தான் அது நடந்தது. பஷீர் பாய் ஓங்கி உதைத்த பந்து யாருமில்லாத இடத்தில், தவசிமுத்துவுக்கு இருபதடி முன்னால் வந்து விழுந்தது. பழைய தவசிமுத்துவாக இருந்தால் பந்து தரையைத் தொடுவதற்குள் போயிருப்பார். இன்றைய தவசிமுத்து இரண்டு எட்டு வைத்தார், இடுப்பில் கை வைத்தார், நின்றுவிட்டார்.

“யோவ் தவசி! உனுக்கு இன்னாத்துக்குய்யா பந்து? கடைல குந்திகினு கருப்பட்டி எடை போடு, போ!”

ஜெயவேலுவின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. எதிர்க்கட்சிக்காரர்கள் கூடச் சிரித்தார்கள். தவசிமுத்து மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் ஜெயவேலு தாங்கியிருப்பான். மனிதர், கடையில் வாடிக்கைக்காரர் ஏதோ குறை சொன்னால் எப்படிக் கேட்டுக்கொள்வாரோ அப்படிப் பார்த்துத் தலையாட்டினார். அன்றைக்கு நாலு கோல் வாங்கினார்கள்.

புதன்கிழமை பஷீர் பாய் கடை வழியாகப் போனபோது, அவர் மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “தவசி இனிமே வர மாட்டானாம். ஜெர்சிய தொவச்சி மடிச்சி என்கிட்ட குட்த்து அனுப்பிட்டான். சந்தோசமா உனுக்கு?”

ஜெயவேலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினான். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மலர்க்கொடி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“வாயால கெட்த்தத வாயாலதான் சரி பண்ணணும். அந்த மனுசன் வூட்டாண்ட போய் மன்னாப்பு கேளு. இல்லாங்காட்டி நீ துன்னவும் மாட்ட, என்ன துன்னவும் வுட மாட்ட.”

மறுநாள் ஷிப்டு முடிந்த கையோடு அவன் கருப்பட்டிக் கடைக்குப் போனான். தவசிமுத்து சரக்கு எடுக்க வெளியே போயிருந்தார். கடையில் அவர் மனைவி ஞானசெல்வி உட்கார்ந்திருந்தாள். அவளை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. தயங்கித் தயங்கி, அன்றைக்கு மைதானத்தில் கத்தியது தான்தான் என்று சொன்னான்.

ஞானசெல்வி எழுந்து நின்றாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று ஜெயவேலு ஓரடி பின்வாங்கினான்.

“நீங்கதானா அது! வாங்க தம்பி, உள்ள வாங்க. ஒங்கள கர்த்தர்தான் அனுப்பியிருக்காரு. பதினாலு வருசமா நானும் சொல்லுதேன், இந்த ஆட்டம் போதும்னு. என் சொல்லு ஏறல. நீங்க ஒத்த வார்த்தைல நிறுத்திட்டியளே!”

அவனை ஸ்டூலில் உட்கார வைத்தாள். கருப்பட்டிக் காப்பி வந்தது. போதாததற்கு, நல்ல கருப்பட்டியாகப் பார்த்து எடுத்து ஓலைக்கொட்டானில் போட்டு மடியில் வைத்தாள். மன்னிப்புக் கேட்க வந்த ஜெயவேலு, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து காப்பியைக் குடித்தான்.

அந்த நேரம் பார்த்துத் தவசிமுத்து வந்தார். கொட்டானையும் காப்பித் தம்ளரையும் ஜெயவேலுவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அண்ணாத்த, நான் உன்ன திட்டல,” என்று ஜெயவேலு எழுந்து நின்றான். அவன் குரல் இவ்வளவு சின்னதாகவும் வரும் என்று அவனுக்கே தெரியாது. “எட்டு வருசமா நீ ஓட சொல்லோ நானும் ஓட்றா மேரியே இருக்கும். அன்னிக்கி நீ நின்ட்ட. எனுக்கு மூச்சு முட்டிச்சி. வாயில அது வந்துட்ச்சி.”

தவசிமுத்து வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கி, வீங்கியிருந்த முட்டியைத் தடவிக்கொண்டார்.

“நீ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஜெயவேலு. பந்தப் பாத்ததும் மனசு போயிட்டு. காலு மட்டும் பின்னால நிக்கி. நான் என்ன செய்ய?”

“ஓட வேணாம். சும்மா நில்லு. நீ நின்னாலே அவனுங்க ரெண்டு பேரு உன்கிட்டயே நின்னுக்குவானுங்க. கடேசி மேச்சு, அண்ணாத்த. ஜெயிக்கலன்னா ரெண்டாவது டிவிசனுக்கு எறக்கிடுவாங்க.”

“ஏ தம்பி!” என்றாள் ஞானசெல்வி. “காப்பியும் குடிச்சிட்டு, எம் முன்னாலயே இவுகள கூப்புடுதியளா?” கொட்டானை வெடுக்கென்று திரும்ப வாங்கிக்கொண்டாள்.

தவசிமுத்து சிரித்துவிட்டார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பின்னால் ஞானசெல்வியே சொன்னாள். “சரி, வாரேன். ஆனா ஒரு ஒப்பந்தம். ஆட்டம் முடியற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. நல்லதும் சொல்லப்படாது, கெட்டதும் சொல்லப்படாது.”

ஜெயவேலுவுக்கு அதைவிட வேலையை விடச் சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஆனாலும் தலையை ஆட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எதிரே மவுண்ட் ரோடு ராயல்ஸ். பதினோரு பேரும் பூட்ஸ் போட்ட இருபது வயதுக்காரர்கள். கோட்டோரம் வழக்கமான இடத்தில் ஜெயவேலு நின்றான். பக்கத்தில் வந்து நின்றது ஞானசெல்வி. கோயிலுக்குக் கட்டிய வெள்ளைச் சேலையை மாற்றவில்லை. கையில் தைல பாட்டில்.

“ஆட்டம் பாக்க வரல,” என்றாள் அவனிடம். “முட்டி போயிட்டுன்னா தூக்கிட்டுப் போவ ஆளு வேணும்லா.”

ஆட்டம் தொடங்கியது. ஜெயவேலு துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டான். பத்தாவது நிமிஷத்தில் ராயல்ஸ் ஒரு கோல் போட்டது. துண்டில் பாதி வாய்க்குள் போயிருந்தது. சுற்றி நின்றவர்கள் பந்தை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார்கள்.

“இன்னா நைனா, தொண்ட கட்டிக்கிச்சா?”

இல்லையென்று தலையாட்டினான். “வூட்ல இன்னாமோ நடந்துட்ச்சி போலகீது, பாவம்,” என்று ஒருவர் முடிவுகட்டி, அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

இடைவேளையில் பஷீர் பாய் மூச்சு வாங்கிக்கொண்டே கோட்டோரம் வந்தார். “ஜெயவேலு, இன்னாப்பா இது? நாங்க மௌத்தாயிட்டோம்னு முடிவு பண்ட்டியா? நீ கத்தாம எனுக்கு பந்து எந்தப் பக்கம் வருதுன்னே தெரியல!” ஜெயவேலு தவசிமுத்துவைக் கையால் காட்டினான். தவசிமுத்து எலுமிச்சை மூடியைச் சப்பிக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தார்.

இரண்டாவது பாதியில் அவர் ஓரத்தை விட்டு நடுவில் வந்து நின்றார். ஓடவில்லை. பந்து தன்னிடம் வரும் வரைக்கும் கடையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தார். வந்ததும் ஒரே தட்டில் ஆளில்லாத இடத்துக்கு அனுப்பினார். இளவட்டங்கள் அவரிடமிருந்து பந்தைப் பிடுங்க ஓடி வருவார்கள். வந்து சேர்வதற்குள் பந்து வேறெங்கோ போயிருக்கும். ஜெயவேலு எட்டு வருஷமாக அவருடைய காலைத்தான் பார்த்திருந்தான். அந்தத் தலைக்குள் இவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தான். கத்த வாய் இல்லாததால் கண் நன்றாகத் திறந்திருந்தது.

ஆட்டம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது தவசிமுத்து பந்தோடு கோல் போஸ்டுக்கு அருகே போய்விட்டார். பின்னாலிருந்து ஒருவன் பூட்ஸ் காலை நீட்டினான். அண்ணாச்சி குப்புற விழுந்தார்.

“ஏல! எவம்ல அது? எம் புருசன இடறிவிட்டவன் எவம்ல?”

எல்லோரும் ஜெயவேலுவைப் பார்த்தார்கள். அவன் வாயில் துண்டு இருந்தது. கத்தியது ஞானசெல்வி. தைல பாட்டிலை ஓங்கிப் பிடித்தபடி கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். “ஒன் வயசுக்கு இவுக ஆடுன ஆட்டத்த நீ பாத்திருக்கியால? சோறுதான் திங்கியா?” ரெபரி விசிலை ஊதினார், எதற்கு ஊதினார் என்று கொஞ்ச நேரம் அவருக்கே தெரியவில்லை. பிறகு, அம்மா தயவுசெய்து வெளியே போங்கள் என்று கும்பிட்டுவிட்டு, பெனால்டி கொடுத்தார்.

தவசிமுத்து எழுந்து முட்டியிலிருந்த மண்ணைத் தட்டினார். இரண்டே எட்டு. இடது காலால் மெதுவாகத்தான் அடித்தார். கோலி வலப்பக்கம் பாய்ந்தான். பந்து இடப்பக்கமாக உருண்டு உள்ளே போனது.

“இப்ப என்ன ஆச்சு? இப்ப நாமதான் ஜெயிச்சோமா?” என்று ஞானசெல்வி அவன் கையைப் பிடித்து உலுக்கினாள். ஜெயவேலு இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலைத் தூக்கி, ஒன்றுக்கு ஒன்று என்று காட்டினான். கண்ணில் நீர் முட்டியது. துண்டும் வாயிலேயே இருந்தது.

நடுக்கோட்டுக்குத் திரும்பி நடந்த தவசிமுத்து அவனைப் பார்த்தார்.

“ஏல ஜெயவேலு, பாக்கச் சகிக்கல! துண்ட எடு!”

பிறகு மிச்சமிருந்த நிமிஷங்களில் அந்த மைதானத்தில் எழுந்த சத்தத்தைப் பற்றி வண்ணாரப்பேட்டை வரைக்கும் பேச்சிருந்தது. ஜெயவேலு ஒரு பக்கம், ஞானசெல்வி ஒரு பக்கம். பஷீர் பாய் ஒரு பந்தைக் கையால் தடுத்தார். ஒன்றைத் தொப்பையால் தடுத்தார். மூன்றாவது அவர் மூக்கில் பட்டுத் திரும்பியது. கடைசியில் யங்மென்ஸ் அடித்த பந்து போஸ்டில் மோதி வெளியே வந்தது. விசில் ஊதிவிட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று. யாரும் ஜெயிக்கவில்லை. ஜெயிக்காததால் யங்மென்ஸ் இரண்டாவது டிவிஷனுக்கு இறங்கியது.

ஆட்டக்காரர்கள் தரையில் கிடந்தார்கள். ஜெயவேலு நடுவில் போய் நின்றான்.

“இன்னாத்துக்கு மூஞ்ச தொங்க வுட்டுகினு கீறீங்கோ? இந்த டிவிசன்ல எட்டு வருசம் இருந்தாச்சு. ஒரே மூஞ்சிங்கள பாத்து பேஜாராப் பூட்ச்சி. கீய புச்சா பன்னெண்டு டீம் கீது. ஒர்த்தனுக்கும் அண்ணாத்தைய பத்தி தெரியாது. வந்து மாட்டட்டும்!”

பஷீர் பாய் மூக்கைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். சிரிப்பு ஒவ்வொருவராகத் தொற்றியது. தவசிமுத்துவின் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த ஞானசெல்வி நிமிர்ந்து, “அடுத்த ஆட்டம் என்னைக்கு?” என்று கேட்டாள். புருஷன் திரும்பிப் பார்த்ததும், “சும்மாதான் கேட்டேன்,” என்றாள்.

அடுத்த வருஷம் ஜெயவேலு சொன்னபடியே ஆயிற்று. இரண்டாவது டிவிஷனில் ஆறு ஆட்டம் ஜெயித்தார்கள். அதில் ஒன்று திருவொற்றியூரில், கடலை ஒட்டிய மைதானத்தில் நடந்தது. மலர்க்கொடியும் ஞானசெல்வியும் வேர்க்கடலையைப் பங்குபோட்டுக்கொண்டு கோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். யங்மென்ஸ் இரண்டு கோல் முன்னால் இருந்தது. அப்போது எதிர்க்கட்சிக்காரன் ஓங்கி அடித்த பந்தைக் காற்று தூக்கிக்கொண்டு போய்க் கடலில் போட்டுவிட்டது. இருந்தது ஒரே பந்து. தூரத்தில் கட்டுமரத்தில் இருந்த ஒருவர் அதை எடுத்து வைத்துக்கொண்டு கரையைப் பார்த்துத் துடுப்பு வலித்தார்.

எதிர்க்கட்சி இளவட்டங்கள் பொறுமையில்லாமல் அலையோரம் ஓடினார்கள். யங்மென்ஸ் மொத்தமும் புல்லில் காலை நீட்டிப் படுத்துவிட்டது. தவசிமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

“ஜெயவேலு,” என்று பஷீர் பாய் படுத்தபடியே கூப்பிட்டார். “அந்தாள இன்னுங் கொஞ்சம் மெல்லமா வலிக்கச் சொல்லுப்பா.”