ஏழாம் எண் கல்

செங்கல்பட்டுக்குத் தெற்கே, கடலைக் கொல்லையின் நடுவில், பாறைகள் வட்டமாக நிற்கின்றன. எழுத்து என்ற ஒன்று வருவதற்கு முன்பு இறந்தவர்களைப் புதைத்த இடம். ஊரார் இதைப் பாண்டவர் குழி என்கிறார்கள். நேற்று மாமல்லபுரத்தில் பார்த்த ஐந்து கல் ரதங்களும் பாண்டவர் பெயரில்தான் இருக்கின்றன. வனவாசத்தில் அவர்களுக்கு ஓய்வே கிடைத்திருக்காது.

கற்களில் ஆராய்ச்சிக்காரர்கள் வெள்ளைச் சாயத்தால் எண் போட்டிருக்கிறார்கள். ஏழாம் எண் கல் மட்டும் தட்டையாக, வழவழவென்று கிடக்கிறது. அதன்மேல் உட்கார்ந்து, 'படையல் கல்லாக இருக்கலாம். பல தலைமுறைக் கைகள் பட்டுத் தேய்ந்திருக்கிறது' என்று குறிப்பேட்டில் எழுதுகிறேன்.

துணிமூட்டையும் தண்ணீர்க் குடமுமாக ஒரு பெண் வந்து நிற்கிறாள்.

"கொஞ்சம் எழுந்துக்கிறீங்களா? தொவைக்கணும்."

"இந்தக் கல்லுலயா?"

"எங்க வூட்டுக் கல்லுங்க இது. ஆபீசருங்க வராங்கன்னதும், வட்டத்துல ஒரு கல்லு இல்லாம பொக்கையா கீதேன்னு எங்க வூட்டுக்காரரு இத்த உருட்டியாந்து போட்டாரு. அவுங்க நம்பர் போட்டுட்டாங்க. இனிமே நகத்தக் கூடாதாம்."

"அவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லலையா?"

"சொன்னாரு. மேப்புல ஏத்தியாச்சுன்னுட்டாங்க."

"முன்னாடி இருந்த கல் எங்கே?"

"அது எங்க வூட்டு வாசப்படி."

"இந்தக் கல்லுல எவ்வளவு நாளாத் துவைக்கிறீங்க?"

"எங்க மாமியாரு காலத்துலருந்து."

எழுந்து இடம் விடுகிறேன். அவள் முதல் புடவையை நனைத்து அடிக்கத் தொடங்குகிறாள். தள்ளி நின்று, படையல் கல் என்று எழுதியதை அடிக்கிறேன். 'பல தலைமுறை' என்பதை 'இரண்டு தலைமுறை' என்று திருத்துகிறேன்.