கீழ் வீட்டில் கசிந்த ஈரம்

கழுத்தில், தைரொயிட்டில் இருந்த புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுத்த பிறகு, மிச்சம் மீதி இருந்தால் அதை அழிக்க ஒரு மாத்திரை விழுங்க வேண்டும் என்றார்கள். கதிரியக்க அயடின். பெயரைக் கேட்டதும் என் கணவர் நாற்காலியை ஒருமுறை பின்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு அது சிரிப்பாக இருந்தது. சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் என்னை ஒரு தனி அறையில் விட்டார்கள். கதவு வழக்கத்தை விடக் கனம். தண்ணீர்க் குழாய், கதவுக் கைபிடி, கட்டிலின் மேலே இருந்த மணி எல்லாவற்றையும் பொலித்தீனால் சுற்றியிருந்தார்கள். நான் தொடப்போகும் எல்லாவற்றையும் என்னிடமிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்று விளங்கியதும், கட்டிலில் உட்காரவே கூச்சமாக இருந்தது.

மாத்திரையைக் கொண்டுவந்த இளைஞர் அதைக் கையால் தொடவில்லை. கனத்த ஈயக் குடுவையில் கொண்டுவந்து, நீண்ட இடுக்கியால் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சிறு குப்பியை நானே எடுத்து வாயில் சரித்து விழுங்கச் சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் நின்றார்.

"நீங்கள் இவ்வளவு தள்ளி நிக்கிறீங்கள். நான் விழுங்க வேணுமோ?" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "நான் இதை ஒவ்வொரு கிழமையும் செய்கிறேன், மிஸ். உங்களுக்கு ஒரு தரம். உங்களுக்கு இதால் நன்மை இருக்கிறது, எனக்கு இல்லை" என்றார்.

அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. தலைக்கு விளங்கியது. ஆனாலும் மாத்திரையைக் கொஞ்சம் நாக்கிலேயே வைத்திருந்தேன். இரண்டாவது மிடறு தண்ணீரோடுதான் அது இறங்கியது. இறங்கிய பிறகு, சூடு, எரிவு, கசப்பு என்று ஏதாவது தெரியும் எனக் காத்திருந்தேன். ஒன்றுமே தெரியவில்லை. எரிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் போலிருந்தது. எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்றாவது தெரிந்திருக்கும்.

அந்த அறையில் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். புளிக்கும் தேசிக்காய் மிட்டாய் சப்பச் சொன்னார்கள், எச்சில் சுரப்பிகள் கெடாமல் இருக்க. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுத் தட்டுவார்கள். காலடி தூரமாகப் போன பிறகே கதவைத் திறப்பேன். யன்னலுக்கு வெளியே இன்னொரு கட்டடத்தின் சுவர். நாள் முழுக்க அந்தச் சுவரையும், பொலித்தீன் பைக்குள் இட்டிருந்த என் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் போனில்தான் அது வந்தது. வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடிக்கு ஒரு வட்சப் குழு உண்டு. தண்ணீர் மோட்டார் பழுது, குப்பை வண்டி வரவில்லை என்று எழுதுவார்கள். அன்று யாரோ எழுதியிருந்தார்கள்: மூன்றாம் மாடியில் ஒருவருக்கு அணுக்கதிர் மருந்து கொடுத்திருக்கிறதாம், அவர் வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் லிப்ட் பாவிக்கலாமா?

நானும் அந்தக் குழுவில் இருப்பதை மறந்துவிட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுத, பையின் மேலாலேயே விரலால் தள்ளித் தள்ளி வாசித்தேன். ஏதோ ஒரு நாட்டில் அணு உலை வெடித்த பிறகு பிறந்த பிள்ளைகள் என்று ஒருவர் படங்கள் போட்டார். இன்னொருவர், கடலுக்கு அங்கால் இந்தியாவில் உலை இருக்கிறது, காற்று இந்தப் பக்கம் அடித்தால் என்ன கதி என்று கேட்டார். அதற்குள் ஒருவர், ஆஸ்பத்திரி கவனமாகத்தான் விடும், பயப்பட வேண்டாம் என்றார். அவருக்கு யாரும் பதில் எழுதவில்லை. மருந்தும் உலையும் குண்டும் அவர்களுக்கு ஒரே சாமான். நான் பதில் எழுதினேன், அழித்தேன், திரும்ப எழுதினேன். "நான்தான் அது" என்பதற்கு மேலே எனக்கு வசனம் வரவில்லை. அனுப்பாமலே போனைக் கவிழ்த்து வைத்தேன்.

வீட்டுக்குப் போகலாம் என்று விட்டபோது, இன்னும் கொஞ்ச நாள் தனி அறை, தனிக் குளியலறை, சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கிட்டப் போகக்கூடாது என்றார் டொக்டர். எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளைக் கொட்டாஞ்சேனையில் இருக்கும் மச்சாளிடம், என் கணவரின் அக்காவிடம், முன்னமே அனுப்பியிருந்தோம். லிப்டில் ஏறாமல் படியால் ஏறினேன். லிப்டில் ஏறக்கூடாது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. சத்திரசிகிச்சை செய்த உடம்போடு மூன்று மாடியும் ஏறி, பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கணவர் சாப்பாட்டை ஒரு ஸ்டூலில் வைப்பார். "எனக்குப் பயம் இல்லை" என்று ஒவ்வொரு வேளையும் சொல்வார். சொல்லிக்கொண்டே நிலைப்படிக்கு வெளியில் நிற்பார்.

வந்த மறுநாள் காலையிலேயே கீழ் வீட்டு அம்மா ஏறி வந்தார். புறக்கோட்டையில் பரம்பரையாகத் துணிக்கடை வைத்திருக்கும் இந்திய வம்சாவளிக் குடும்பம். தீபாவளிக்கு முறுக்கு அனுப்புபவர். ஹோலில் நின்று என் கணவரோடு அவர் பேசியது கதவுக்கு இந்தப்பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. உங்க பின் பாத்ரூம் தண்ணி எங்க சீலிங்ல கசியுது. போன வருஷமே சொன்னேன். அதுக்கு நேர் கீழதான் மருமக குளிக்கிற இடம். அவளுக்கு ஆறாம் மாசம் நடக்குது."

நான் கதவைத் திறக்காமலே சத்தமாகச் சொன்னேன். "அம்மா, வெளியில போறது கொஞ்சம்தான். தண்ணியோட கலந்து இன்னும் குறைஞ்சிடும் எண்டு டொக்டர் சொன்னவர்."

அவர் குரல் கதவுப் பக்கம் திரும்பியது. "கொஞ்சம்னா, இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றார்.

இருக்கத்தான் இருந்தது.

"நான் உங்கமேல கோபப்படலம்மா," என்றார் அவர், இப்போது கதவுக்குக் கிட்ட வந்து. "கலவரத்துல எங்க கடை எரிஞ்ச வருஷம், அன்னிக்குக் காலையில ஒரு பெரிய மனுஷர் வந்து ஒண்ணும் நடக்காது, பயப்படாதீங்கன்னு சொல்லிட்டுப் போனார். எங்க மாமா அதைக் கேட்டுக் கடையைத் திறந்தார். அதுக்கப்புறம் யாராவது பயப்படாதீங்கன்னு சொன்னாத்தான் எனக்குப் பயமே வருது."

கதவில் சாய்ந்து நின்றேன். அவரை அறியாத சனம் என்று நினைக்க என்னால் முடியவில்லை. அப்படிப் பயந்து நிற்பவர்களை நான் முன்பும் பார்த்திருந்தேன். சண்டைக் காலத்தில் இதே வெள்ளவத்தையில் அறை தேடிப் போனபோது, யாழ்ப்பாணத்து அடையாள அட்டையைப் பார்த்து வீட்டுக்காரர்கள் இப்படித்தான் தயங்கி நின்றார்கள். என்னிடம் ஆபத்தான ஒன்றும் இல்லை என்று அப்போது சொன்னது உண்மை. இப்போது அப்படிச் சொல்ல வழியில்லை.

கணவர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். அந்தக் கசிவால் ஆபத்து வராது, ஆனாலும் மனம் கேட்காவிட்டால் மருமகள் சில நாட்களுக்கு மற்றக் குளியலறையைப் பாவிக்கட்டும் என்றார்கள். கீழ் வீட்டில் மற்றக் குளியலறை அவள் மாமனாருக்கும் அவர் மகன்மாருக்கும் உரியது, மருமகள் அங்கே போவதில்லை. கணவர் பைப் திருத்தும் பாஸ் ஒருவரைப் போனில் கூப்பிட்டார். எந்தக் கட்டடம், எத்தனையாம் மாடி என்று கேட்ட மனிதன் அடுத்த கிழமை வருகிறேன் என்று வைத்துவிட்டான். பிறகு போனை எடுக்கவேயில்லை.

அன்றிலிருந்து நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். குடித்தால் போக வேண்டும், போனால் அது கீழே இறங்கும். ஒரு மிடறு குடிக்கும்போதும் கீழே ஒரு வயிறு எனக்குத் தெரிந்தது. கட்டிலில் அசையாமல் படுத்திருப்பேன். குழாயைத் திறக்கும் சத்தம் எனக்கே பயமாக இருந்தது. டொக்டர் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்கிறேன் என்று தெரியும். மருந்து எவ்வளவு நேரம் உள்ளே தங்குகிறதோ அவ்வளவு எனக்குத்தான் கூடாது. தெரிந்தும் குடிக்க முடியவில்லை. இரண்டு கன்னமும் காதடியில் வீங்கின. வாய் காய்ந்து சோறு விழுங்க முடியாமல் போனது.

கணவர் நிலைப்படியில் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டார். "என்ன இது? தண்ணி குடிக்கிறியோ இல்லையோ?"

"குடிச்சா கீழ போகுமப்பா" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

அவர் முதல்முறையாக நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார். தண்ணீர்ப் போத்தலை என் கையில் வைத்து, நான் குடித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு கீழே இறங்கிப் போய் என்ன கதைத்தாரோ தெரியாது. பின்னேரம் கீழ் வீட்டு அம்மா எனக்குப் போன் செய்தார். மருமகளை ஹெந்தளையில் அவள் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். "நீங்க நல்லா தண்ணி குடிங்கம்மா. உடம்பப் பாருங்க" என்றார். ஒருத்தி தன் வீட்டை விட்டுப் போனது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலோடு நான் குளியலறைக்குப் போய்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன்.

டொக்டர் சொன்ன காலம் முடிந்து, சோதித்துப் பார்த்து, இனி எல்லாரோடும் பழகலாம் என்றார்கள். மச்சாள் மகளைத் திரீவீலரில் கூட்டி வந்தார். உள்ளே வாங்கோ என்றேன். "இல்லை, திரீவீலர்காரன் நிக்கிறான், பிறகு வாறன்" என்று வாசலிலேயே திரும்பிவிட்டார். மகள் பையைக் கட்டிக்கொண்டு கதவடியில் நின்றாள்.

"அம்மா, இப்பவும் உங்களுக்குள்ள இருக்கோ?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. விழுங்கிக்கொண்டேன். "கொஞ்சம் இருக்கும், பிள்ளை. போகப் போகக் குறையும். நீங்கள் கிட்ட வரலாம் எண்டு டொக்டர் சொல்லிட்டார்."

"அவர் அளந்து பாத்தவரோ?"

"ஓம். மெசினால."

அவள் யோசித்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு வந்து, கட்டிப்பிடிக்காமல், கழுத்துத் தழும்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு பசிக்கிறது என்றாள்.

கீழ் வீட்டுக் குழந்தை சுகமாகப் பிறந்தது, பெண். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு எங்களையும் அழைத்தார்கள். சீலிங்குக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள், பைப் எப்போதோ திருத்தியாகிவிட்டது. மருமகள் குழந்தையைத் தூக்கி வந்து என் பக்கம் நீட்டினாள். அவள் முகத்தில் ஒரு தயக்கமும் இல்லை. எல்லாம் முடிந்து மாதங்களாகிவிட்டன, என் உடம்பில் அந்த மருந்து இருக்க வழியே இல்லை, எனக்குத் தெரியும்.

"எனக்குக் கொஞ்சம் தடிமன், மூக்கடைப்பு" என்றேன். "மகளிட்டக் குடுங்கோ."

மகள் சப்பாணி கட்டி உட்கார்ந்து மடியில் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அறையின் மற்றக் கரையில், கதவுக்குக் கிட்ட இருந்த கதிரையில் உட்கார்ந்தபடி நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்: "தலையைப் பிடி பிள்ளை, தலைக்குக் கீழ கையை வை."