ஷபீர் ஏன் ஷட்டரை இறக்கினான்

அப்பாவின் கிளிஞ்சல் கடையைக் காலி செய்து, 2004-இல் அதே இடத்தில் பிரவுசிங் சென்டர் போட்டவன் ஷபீர். மாமல்லபுரத்தில் பாதிப் பேருக்கு மெயில் ஐடி தொடங்கிக் கொடுத்தவன் அவன்தான். பாஸ்வேர்டையும் அவனே வைப்பான். "எனக்கு இன்னா தெரியும், நீயே போடுப்பா" என்பார்கள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான நான், வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப அங்கே ஓசியில் உட்கார்ந்திருப்பேன்.

லாட்ஜ் நடத்தும் சம்பத், பௌர்ணமி தவறாமல் திருக்கழுக்குன்றம் மலை ஏறுகிறவர். டிசம்பர் சீசனில் ஒருநாள், அவரிடம் தங்கிப்போன வெள்ளைக்காரர்கள் எல்லோருக்கும் அவர் மெயிலிலிருந்து ஆண்மை மாத்திரை விளம்பரம் போயிற்று. ஒரு ஜெர்மன்காரர் விலை கேட்டுப் பதிலும் போட்டிருந்தார்.

சம்பத் கடைக்குள் பாய்ந்தார். "டேய் ஷபீரு, பாஸ்வேர்டு உனக்கும் எனக்கும்தான் தெரியும். நான் அனுப்பல. அப்ப யாருடா?"

"அண்ணாத்த, உம்மேல சத்தியமா நான் தொடல."

"எம்மேல இன்னாத்துக்கு? உம்மேல பண்ணு!"

ஷபீர் ஆன்டிவைரஸை ஓட்டினான். எல்லாம் சுத்தம் என்றது. பழைய திருடர்களின் போட்டோவோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கும் கான்ஸ்டபிள் மாதிரி அது. புதுத் திருடன் வந்தால் வழிவிட்டு நிற்கும். மறுநாள் இன்னொருவர் மெயிலும் அதே மாத்திரையை விற்றது.

கடை திறந்திருந்தால் திருட்டு தொடரும். மூடினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. ஷபீர் ஷட்டரை இறக்கினான்.

"பாத்தியா, மாட்டிக்கினான்!" என்று டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார் சம்பத்.

நான் ஷபீரை நம்பினேன். படித்த படிப்பாலா, ஓசி நாற்காலியாலா, இன்றும் தெரியவில்லை.

சில வாரம் கழித்து, பிரவுசரைச் செய்த கம்பெனியே அறிவித்தது: அதில் ஓர் ஓட்டை இருக்கிறது; சில பக்கங்களைத் திறந்தாலே திருடன் உள்ளே வந்து, நாம் தட்டுவதையெல்லாம் படித்துவிடுவான்; அடைக்க இதோ 'பேட்ச்' என்னும் ஒட்டு. அதுவரை அந்த ஓட்டை கம்பெனிக்கே தெரியாது. ஷபீரோ ஒரே சிடியிலிருந்துதான் எல்லா கம்ப்யூட்டரிலும் அந்த பிரவுசரை ஏற்றியிருந்தான். எல்லாவற்றிலும் அதே ஓட்டை.

ஓட்டையை அடைத்து, ஷட்டரையும் தூக்கிவிட்டு, நானும் ஷபீரும் சம்பத்திடம் போய்ச் சொன்னோம்.

"செஞ்சவனுக்கே தெரியாதது திருடனுக்கு எப்படிடா தெரிஞ்சிது?"

"செஞ்சவன் வித்துட்டுப் பூட்டான் அண்ணாத்த. இவன் நாள் பூரா நோண்டிகினு கீறான்ல?"

சம்பத் மறுநாள் காலை கடைக்கு வந்தார்.

"பாஸ்வேர்டு மாத்தணும். நீ வெளிய போ."

ஷபீர் தன் கடை வாசலிலேயே வெயிலில் நின்றான்.

"இன்னா ஷபீரு, வெளிய நிக்கிற?" என்று போகிறவர்கள் கேட்டார்கள்.

"உள்ள கஸ்டமரு கீறாரு" என்றான் ஷபீர், சிரிப்பை அடக்க முடியாமல்.