திரும்பி வந்த அரிசி

சித்தப்பா காய்ச்சலில் செத்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கூலி வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் லயத்தின் வழக்கம் அது. சாவு விழுந்த வீட்டுக்கு மற்ற வீடுகள் அரிசியும் விறகும் கொண்டுவரும். ஆண்கள் குழி வெட்டப் போவார்கள். பெயர்ப்பலகை, தலைவர் எதுவும் இல்லாவிட்டாலும் அதைச் சங்கம் என்றுதான் சொல்வோம்.

பதுளையிலிருந்து அத்தை வந்தாள். அவள் புருஷன் ஓர் ஆபீசில் பியூன். டவுன் கூட்டுறவுக் கடையில் அவர்களுக்குப் பங்கு இருந்தது. அந்தக் கடை அரிசியையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். வாசலில் இருந்த சுளகில் லயத்து வீடுகள் போட்ட அரிசி சிவப்பும் வெள்ளையும் நொய்யுமாகக் கலந்து கிடந்ததைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

“என்னண்ணே இது, பிச்சை எடுத்த மாதிரி? எங்க சங்கத்துல பங்கு இருக்கு, கூட்டம் இருக்கு, ஓட்டு இருக்கு. இது என்ன சங்கம்?”

அப்பா பிணத்தருகே தலைகுனிந்து இருந்தார். அத்தை சுளகைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் அரிசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் குழி வெட்டப் போனவர்கள் மண்வெட்டிகளோடு திரும்பி வந்தார்கள்.

“அரிசி திரும்பிருச்சாமே. சங்கத்த விட்டு வெலகிட்டியா தம்பி?” என்று அவர்களில் மூத்தவர் அப்பாவைக் கேட்டார்.

“கூட்டுறவுக் கடையில குழியும் விக்கிறாங்களோ என்னமோ” என்றார் பின்னால் நின்றவர். சிலர் சிரித்தார்கள்.

அப்பா காலிச் சுளகை எடுத்துக்கொண்டு என்னையும் கூப்பிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாசலிலும், “தங்கச்சி அறியாம செஞ்சிருச்சு, போடுங்க” என்றார். சிலர் வேண்டுமென்றே நிற்க வைத்தார்கள். என்னோடு படித்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். நான் கடைசிவரை தலை நிமிரவில்லை.

கடைசி வீட்டில் ஒரு விதவை தனியாக இருந்தாள். தோட்டத்துக் கூலிப் பதிவில் அவளுக்குப் பேர் இல்லை. விறகு பொறுக்கிப் பிழைத்தாள். பானையைக் கவிழ்த்துத் தட்டி, இருந்த நொய்யைச் சுளகில் போட்டாள்.

“எனக்கும் ஆள் வருமில்ல?”

“நான் தூக்குறேன்க்கா” என்றார் அப்பா.

மண்வெட்டிகள் மறுபடி மேடேறின. இருட்டுவதற்குள் சித்தப்பாவை அடக்கம் செய்துவிட்டோம்.

பிறகு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரிந்தேன். அந்த விதவையிடம் மட்டுமாவது அரிசி வேண்டாம் என்று அப்பா சொல்லியிருக்கலாமே என்று வெகுகாலம் கூசிக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் அவளுக்கு அந்த லயத்தில் என்ன மிஞ்சியிருக்கும் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.