கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுவர்

போன மாதம் திருச்சியில் ஒரு பட்டிமன்றம். ‘ஏற்றத்தாழ்வை ஒழிப்பது சட்டமா, மனமாற்றமா?’ ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன். பட்டிமன்றம் என்றால் எனக்குச் சாப்பாடுகூட வேண்டாம்.

சட்டமே என்று பேசியவர் என் நண்பர் செபாஸ்டியன். ஸ்கூல் வாத்தியார், கத்தோலிக்கர், சேரியில் பிறந்தவர். “மனசு மாறட்டும்னு காத்திருந்தா எங்க ஆயுசே முடிஞ்சிடுங்க” என்றார். கைதட்டல் சுமார்தான்.

மனமாற்றமே என்று பேசியவரும் அவர் ஊர்க்காரர்தான் — சர்ச் கமிட்டித் தலைவர், மேல்சாதி. அன்பு, இரக்கம், ஒரே தந்தையின் பிள்ளைகள்... பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான் உருகினேன். தீர்ப்பு அவர் பக்கம்.

சில நாளில் செபாஸ்டியனின் அப்பா இறந்துபோனார். துக்கத்துக்குப் போனபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர்! முன்பக்கம் மேல்சாதிக் கிறிஸ்தவர்களுக்கு. பின்பக்கம் சேரிக் கிறிஸ்தவர்களுக்கு.

செபாஸ்டியன் தலைவரிடம் முன்பக்கம் ஒரு குழி கேட்டார்.

“நீங்க கேக்கறது நியாயந்தாங்க சார். ஆனா ஜனங்க மனசு இன்னும் பக்குவப்படலையே, என்ன பண்றது?”

அந்த ‘என்ன பண்றது’ இருக்கிறதே... எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“போலீசுக்குப் போகலாம் சார். சட்டம் இருக்கே?” என்றேன் செபாஸ்டியனிடம்.

“இருக்குங்க. அது வந்து சேர்ற வரைக்கும் அப்பாவை வெச்சிருக்க முடியாதுங்களே” என்றார்.

சாயங்காலம் சுவருக்குப் பின்னால் அடக்கம். மண் போடும்போது அவர் அழவில்லை. என்னால்தான் தாங்க முடியவில்லை.

நேற்று மறுபடி போனேன். செபாஸ்டியன் வக்கீலைப் பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். சுவர் இடிய நாளாகுமாம். முதலில் முன்பக்கம் இடம் கேட்டு வழக்குப் போடலாம் என்றாராம் வக்கீல்.

“இனிமே நம்ம ஜனங்க யாரும் பின்னால போக வேணாம்மா” என்றார் தன் அம்மாவிடம், கொஞ்சம் பெருமையாகவே.

அந்த அம்மாள் பதறிப்போய் மகன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ... கேஸ்ல ஜெயிச்சுட்டு என்னை முன்னால கொண்டுபோய் வெச்சுடாதய்யா! அப்பா அங்க பின்னால தனியா இருக்காரே...”

செபாஸ்டியன் அப்போதுதான் அழுதார்.

நியாயம் ரொம்பத் தாமதமாக வந்தால், புருஷன் பெண்டாட்டியைக்கூடப் பிரித்துவிடும் போலிருக்கிறது!